லைப்ரரி சயன்ஸ் படிச்சுக்குடுக்க ஆள் தேடுறவங்களுக்கு, மலையகத்துல இருந்து

நம்ம பக்கத்து கம்பஸ்ல லைப்ரரி சயன்ஸுக்கு லெக்சரர் எடுக்கப் போறோம்னு யாராச்சும் போன் பண்ணா நான் முதல்ல கேக்குறது எப்ப ஆள் வேணும்னுதான். அடுத்த செமஸ்டருக்குன்னு பதில் வந்தா எனக்கு சிரிப்புதான் வரும். வரலாறுக்கோ பொருளியலுக்கோ ஒரு விளம்பரம் போட்டா அப்ளிகேஷன் மூட்டை மூட்டையா வரும், சலிச்சு எடுத்தா போதும். நூலகவியல் அப்படி இல்ல. தமிழ்ல படிச்சுக்குடுக்கக் கூடிய, மேல்படிப்பும் இருக்குற, மலைக்கு வந்து தங்கவும் தயாரா இருக்குற ஆளுங்கள எல்லாம் ஒரு வேன்ல ஏத்திரலாம், அதுலயும் ட்ரைவர் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கும். அதனால இங்க விளம்பரம்ங்கிறது கடைசி வேலை, ஆள் தேடுறது அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கிற வேலை. நான் கம்பஸ் லைப்ரரில இருக்குற ஆள், செலெக்ஷன் போர்டுல நடுவுல உக்கார்ற பெரிய ஆள் இல்ல, ஆனா டிப்ளோமாவுக்கு தமிழ் மீடியம் லெக்சரர் புடிச்சுக் குடுத்தே தலை நரைச்சுப் போச்சு, அந்த அனுபவத்துலதான் எழுதுறேன்.

மொதல்ல இந்த ஆளுங்க எங்க இருந்து உருவாகுறாங்கன்னு பாத்துக்குங்க. நூலகவியல பட்டமா படிக்கணும்னா முதல்ல ஞாபகம் வர்றது களனி யூனிவர்சிட்டி, அது வித்யாலங்கார கம்பஸா இருந்த காலத்துல 1973ல ஆரம்பிச்ச டிபார்ட்மென்ட். அப்புறம் கொழும்பு யூனிவர்சிட்டில நிலிஸ்னு நாம சொல்ற தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம், அது 1999ல வந்துச்சு, ஸ்கூல் டீச்சர் லைப்ரேரியன்மார்ல இருந்து மாஸ்டர்ஸ் பண்றவங்க வரைக்கும் அங்க போறாங்க. 1960ல உருவான இலங்கை நூலகச் சங்கத்தோட டிப்ளோமா வழியா படிப்படியா மேல வந்தவங்க ஒரு கூட்டம் இருக்கு, இவங்கள யாரும் கணக்குல எடுக்குறதில்ல. இன்னொரு கூட்டம் கடல் தாண்டி தமிழ்நாட்டுல எம்எல்ஐஎஸ்சினு நூலகவியல் மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு வந்தவங்க. ஊத்து இவ்வளவுதான். 1960கள்ல பேராதனையிலயே ஒரு நூலகவியல் டிப்ளோமா நடந்துச்சு, கொஞ்ச வருஷத்துல நின்னுபோச்சு, அது மட்டும் ஓடியிருந்தா நாம மலையில இருந்துகிட்டு கீழ பாத்து ஆள் தேட வேண்டியதில்ல, சரி அந்தக் கதைய விடுங்க.

இதுல வெளியாளுங்களுக்குப் புரியாத ஒரு சங்கதி இருக்கு. நம்ம கம்பஸ்கள்ல அசிஸ்டன்ட் லைப்ரேரியனும் அகாடமிக் ஸ்டாஃப் தான், லெக்சரருக்கு இருக்குற மாதிரியே அவருக்கும் சீனியர் அசிஸ்டன்ட் லைப்ரேரியன், லைப்ரேரியன்னு ஏறிப் போற படி இருக்கு. அதனால இந்தப் பாடத்துல கெட்டிக்காரங்க பாதிப்பேர் ஏற்கனவே ஏதோ ஒரு யூனிவர்சிட்டி லைப்ரரில ஏசிக்கு கீழ உக்காந்திருக்காங்க. யாழ்ப்பாணத்துலயோ வந்தாறுமூலையிலயோ ஒலுவில்லயோ நிம்மதியா இருக்குறவர் எதுக்கு அந்த நாற்காலிய விட்டுட்டு மலைக்கு வந்து ப்ரொபேஷனரி லெக்சரரா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்? இந்தக் கேள்விக்கு உங்க டிபார்ட்மென்ட்ல பதில் இல்லன்னா விளம்பரத்துக்கு காசு செலவழிக்காதீங்க. என் கணக்குக்கு பதில் ரெண்டு. ஒண்ணு, விளம்பரத்துல ப்ரொபேஷனரி மட்டும் போடாம சீனியர் லெக்சரர் கிரேட் 1, கிரேட் 2 எல்லாத்தையும் சேத்துப் போடுறது, தகுதிக்கு ஏத்த படியில ஆள் உள்ள வரலாம். ரெண்டாவது, காலையில எட்டரைக்கு கவுன்டர் டியூட்டி பாத்துகிட்டு ராத்திரி ஆராய்ச்சி பண்றவருக்கு, பகல்லயே ஆராய்ச்சி பண்ண நேரம் குடுப்போம்னு சொல்றது, சொல்றதோட நிக்காம டைம்டேபிள்ல காட்டுறது.

அடுத்தது என்ன பாடத்துக்கு ஆள்னு தீர்மானிக்கிறது. நான் பாத்த ஒரு விளம்பர ட்ராஃப்ட்ல பட்டியலாக்கம், பகுப்பாக்கம், டிஜிட்டல் லைப்ரரி, ஆவணக் காப்பகம், பிப்ளியோமெட்ரிக்ஸ், பாடசாலை நூலகம், ஆராய்ச்சி முறை எல்லாம் ஒரே ஆளுக்கு போட்டிருந்துச்சு, கீழ "கோஹா, டீஸ்பேஸ் பரிச்சயம் விரும்பத்தக்கது"ன்னு வேற, ரெண்டும் லைப்ரரி சாஃப்ட்வேர். சேர், இது லெக்சரர் வேலையா இல்ல எஸ்டேட்ல பெரிய கணக்கப்புள்ள வேலையான்னு கேட்டேன். ஒரே ஆள்தான் கிடைக்கும்னா பகுப்பாக்கம் பட்டியலாக்கம் பக்கம் கெட்டியான ஆள எடுங்க, சாஃப்ட்வேர் எல்லாம் ரெண்டு மாசத்துல புடிச்சுக்கலாம், ஒரு புத்தகத்த எங்க வைக்கணும் ஏன் வைக்கணும்னு யோசிக்கிற பழக்கம் ரெண்டு மாசத்துல வராது. இது என் சொந்த அபிப்பிராயம், டிஜிட்டல் பக்கம் இருக்குறவங்க சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.

கேடர்ல, அதாவது கம்பஸுக்கு அனுமதிச்ச பதவிக் கணக்குல, போஸ்ட் இருக்கா, நிரப்ப அனுமதி இருக்கான்னு எஸ்டாப்ளிஷ்மென்ட் ப்ராஞ்ச்ல எழுத்துல வாங்கிக்குங்க. வாய்ப் பேச்ச நம்பி ஆளுங்கள்ட்ட ஆசை காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இப்ப விளம்பரம். இங்கதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, சர்க்குலர்ல சொல்ற ரெக்ரூட்மென்ட் ஸ்கீம்ல உள்ள வர்றதுக்கு வழி ஒண்ணுக்கு மேல இருக்கு, ஸ்பெஷல் டிகிரியா ஜெனரல் டிகிரியா, என்ன கிளாஸ், மேல்படிப்பு என்ன, எத்தன வருஷ அனுபவம்னு பல சேர்க்கை. டிபார்ட்மென்ட் அவசரத்துல முதல் வழிய மட்டும் போட்டு, நூலகவியல்ல ஸ்பெஷல் டிகிரி முதல் வகுப்புன்னு அடிச்சிட்டா கதவு மூடியாச்சு. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க முக்கால்வாசி வேற பாடத்துல டிகிரி எடுத்துட்டு, வேலை கிடைச்சதுக்கு அப்புறம்தான் நூலகவியல் மாஸ்டர்ஸுக்கு வர்றாங்க, அவங்க எல்லாரும் அந்த முதல் வரியோட பேப்பர மடிச்சு வச்சிருவாங்க. ஸ்கீம்ல இருக்குற எல்லா வழியையும் முழுசா எழுதுங்க. பாடத்துக்குப் பொருத்தமான துறை எதெதுன்னு ஃபேக்கல்ட்டி போர்ட், செனட்னு போயி முன்னாடியே முடிவு பண்ணிட்டு எழுதுங்க, அப்ளிகேஷன் வந்ததுக்கு அப்புறம் இவர சேக்கலாமா அவர சேக்கலாமான்னு பேச ஆரம்பிச்சா அப்பீல், கேஸ்னு இழுபடும்.

சீர்காழியில பொறந்த எஸ். ஆர். ரங்கநாதன உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, அஞ்சு விதிகள், கோலன் பகுப்பாக்கம் எல்லாம் அவர் தந்ததுதான். 1924ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி அவர லைப்ரேரியனா எடுத்தப்ப அவர் ஒரு கணக்கு வாத்தியார், நூலகப் பயிற்சி எதுவும் இல்ல, வேலைக்கு எடுத்ததுக்கு அப்புறம்தான் லண்டனுக்கு படிக்கப் போனார். நம்ம விளம்பரத்துக்கு அவர் அப்ளிகேஷன் போட்டிருந்தா முதல் சலிப்புலயே ரிஜெக்ட் கட்டுக்குள்ள போயிருக்கும். அதுக்காக யார வேணா எடுங்கன்னு சொல்லல, விதி இடம் குடுக்குற அளவுக்காச்சும் கதவ தொறந்து வைங்கன்னு சொல்றேன்.

தமிழ் விளம்பரத்த தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் படிச்சுப் பாக்காம அச்சுக்கு அனுப்பாதீங்க. ஒரு தடவ ஒரே விளம்பரத்துல மேல "நூலக விஞ்ஞானம்", நடுவுல "நூலகவியல்", கீழ தகுதிப் பகுதியில "தகவல் தொழில்நுட்பம்"னு வந்துருச்சு, தகவல் விஞ்ஞானம்னு இருக்க வேண்டியது. ஒரு வாரம் பூரா கம்ப்யூட்டர் படிச்ச பசங்க போன் மேல போன், "சேர், நெட்வொர்க்கிங் படிச்சுக்குடுக்கணுமா?" உண்மையா வேண்டிய ஆளுங்க இது நமக்கில்லன்னு ஒதுங்கிட்டாங்க. அப்படி ஒதுங்கின ஒருத்தங்கள அப்புறம் நான்தான் தேடிப் புடிச்சேன், வன்னிப் பக்கம் ஒரு லைப்ரரில வேலை செஞ்ச தங்கச்சி. ஏம்மா போடலன்னு கேட்டா, "விளம்பரம் பாத்தனான் அண்ணை, உது ஐடி ஆக்களுக்கு எண்டு விட்டிட்டன்"னு சொல்லுது. முடிவு திகதிக்கு நாலு நாள் இருந்துச்சு. அந்த நாலு நாள்ல ட்ரான்ஸ்கிரிப்ட் எடுக்கக் கொழும்பு போயிட்டு வந்து ரெஜிஸ்டர் தபால்ல போட்டாங்க பாருங்க, அவங்களோட நெஞ்சுரத்துக்கு நான் அப்பவே மனசுக்குள்ள மார்க் போட்டுட்டேன், ஆனா போர்டுல எனக்கு மார்க் இல்ல.

ஆக, போன் எடுத்துப் பேசுங்க. லைப்ரேரியன்மார் வாட்ஸ்அப் குரூப்ல நோட்டிஸ போட்டுட்டு கைய கட்டிகிட்டு இருந்தா ஆள் வராது, குரூப்ல போடுற எல்லாத்தையும் நாம எப்படி பாக்குறோம்னு நமக்கே தெரியும். நூலகம் வேலைத்திட்டம் மாதிரி 2005ல இருந்து ஈழத்து நூல்கள ஸ்கேன் பண்ணி வலையில ஏத்துற வேலையோட சேந்து ஓடுறவங்க, பாடசாலை நூலகத்துல பதிவேட்ட ஒழுங்கா வச்சிருக்குற டீச்சர்மார், டவுன் லைப்ரரில பத்து வருஷமா சிறுவர் பகுதிய பாத்துகிட்டு பக்கத்துல மாஸ்டர்ஸ் பண்றவங்க, இவங்களோட ஒரு லிஸ்ட் உங்க லாச்சியில இருக்கணும். ஆனா பேசும்போது ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிருங்க, அப்ளை பண்ணுங்கன்னு சொல்றேன், வேலை தர்றேன்னு சொல்லல. இத சொல்லாம விட்டா நாளைக்கு செலெக்ட் ஆகாதவங்க வீட்டுல உங்கள பத்தி பேசுறது நல்லா இருக்காது, மத்த கேண்டிடேட்டுக்கும் அது அநியாயம்.

உடனே போஸ்டுக்கு ஆள் இல்லன்னா விசிட்டிங் லெக்சரரா கூப்பிடுங்க. சனி ஞாயிறு வந்து ரெண்டு மாட்யூல் எடுக்கட்டும், அவங்களுக்கும் மலை எப்படின்னு தெரியும், உங்களுக்கும் ஆள் எப்படின்னு தெரியும். காசு மட்டும் இழுத்தடிக்காம குடுங்க, ஆறு மாசம் கழிச்சு பேமன்ட் வந்தா அந்தப் பேர் எல்லா கம்பஸுக்கும் பரவிரும். உங்க சொந்த மாணவர்ல கெட்டிக்காரப் பிள்ளைய டெம்பரரி அசிஸ்டன்ட் லெக்சரரா வச்சு வளக்குறதும் நல்ல வழிதான். எஸ்டேட்ல லயக் காம்பராவுல கொழுந்து எடுக்குற அம்மாவுக்குப் பொறந்து ஏ எல் எழுதி கம்பஸ் வந்த பிள்ளைக்கு, நூலகவியல்னு ஒரு துறை இருக்கு அதுல லெக்சரர் ஆகலாம்னு யாரும் சொல்லியே இருக்க மாட்டாங்க. தோட்டத்துல லைப்ரரியே பாக்காம வளந்த பிள்ளைக்கு அது எப்படித் தோணும்?

அப்ளிகேஷன் பாக்கும்போது வெளிநாட்டுப் பட்டம்னா யூஜிசி அந்த யூனிவர்சிட்டிய ஏத்துக்குதான்னு முதல் நாளே பாருங்க, தபால்வழிப் படிப்புல இது ரொம்ப முக்கியம், இன்டர்வியூ முடிஞ்சு தெரிய வந்தா எல்லாருக்கும் அவமானம். அப்புறம் ஆராய்ச்சிக் கட்டுரை. வேற துறைக்காரர் காசு வாங்கிட்டு எதையும் போடுற குப்பை ஜர்னல்ல மாட்டிகிட்டா பாவம் தெரியாமப் பண்ணிட்டார்னு விடலாம். நூலகவியல்காரர் அப்படி மாட்டினா எப்படி விடுறது, எந்த ஜர்னல் நல்லது எது மோசடின்னு மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்குறதே இவரோட தொழில் தானே. அதுக்காக அப்ளிகேஷன உடனே தூக்கி வீசச் சொல்லல. இன்டர்வியூல நேராவே கேளுங்க, இந்த ஜர்னல எப்படித் தெரிவு செஞ்சீங்கன்னு. நேர்மையா தப்புத்தான்னு சொல்றவர நான் எடுப்பேன். உள்ளூர்க் கட்டுரைன்னு இளக்காரமா பாக்காதீங்க, யூனிவர்சிட்டி லைப்ரேரியன்மார் சங்கத்து ஜர்னல் மாதிரி நம்ம நாட்டு இதழ்கள் பல ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஆன்லைன்லயே கிடக்கு, அஞ்சு நிமிஷத்துல தொறந்து படிச்சிரலாம். படிக்காம எண்ணிப் பாத்து மார்க் போடுறது ரொம்பக் கெட்ட பழக்கம்.

இன்டர்வியூ திகதி வைக்கிறதுக்கு முன்னாடி வானத்தையும் ரயில் டைம்டேபிளையும் பாருங்க. பதுளையில காலையில ஒன்பது மணிக்கு இன்டர்வியூன்னா யாழ்ப்பாணத்து ஆள் முதல் நாளே கிளம்பணும், எங்க தங்குறதுன்னு அவருக்குத் தெரியாது, கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு ரூம் போட்டுக் குடுத்தா என்ன குறைஞ்சுரும். ஹட்டன் நுவரெலியா பக்கம்னா ஜூன் ஜூலையில மழை அடிச்சு ஊத்தும், பதுளை பக்கம்னா நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும், மண் சரிஞ்சு ரோட்டு மூடுனா இன்டர்வியூ போச்சு. ஒரு தடவ ஒருத்தர் முழங்கால் வரைக்கும் சேறோட ஒன்றரை மணி நேரம் லேட்டா வந்து நின்னார், போர்டு கலைஞ்சு போச்சு. சூம்ல வைக்க விதி இடம் குடுத்தா முன்கூட்டியே அனுமதி வாங்கி வச்சுக்குங்க, காலையில கேட்டா யாரும் தர மாட்டாங்க.

மாதிரி லெக்சர் வைக்கிறீங்கன்னா தலைப்ப அவங்க இஷ்டத்துக்கு விடாதீங்க. விட்டா எல்லாரும் "டிஜிட்டல் யுகத்தில் நூலகங்கள்"னு முப்பது ஸ்லைடு கொண்டு வருவாங்க, அத கேட்டு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. தமிழ் மீடியத்துக்கு ஆள்னா தமிழ்லயே பத்து நிமிஷம் பேச விடுங்க. இங்கிலீஷ்ல மாஸ்டர்ஸ் பண்ணவங்களுக்கு சுட்டியாக்கம்னா, அதான் இன்டெக்ஸிங், என்னன்னு தமிழ்ல விளக்கச் சொன்னா நாக்கு தடுமாறும், அது பரவால்ல, ஆனா தடுமாறிகிட்டே ஒரு உதாரணத்தப் புடிச்சு கரையேறுறாரா பாருங்க.

எனக்குப் புடிச்ச பரீட்சை வேற. எங்க லைப்ரரிக்கு யாரோ குடுத்த பழைய சாமான்ல ஒரு சின்னப் புக்லெட் கிடந்துச்சு, நாப்பது பக்கம் இருக்கும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சம்பளத்தப் பத்தி தமிழ்ல. முன்னட்டை பாதி கிழிஞ்சிருக்கு, வருஷம் இல்ல, ஹட்டன்ல ஒரு அச்சகத்துல அடிச்சதுன்னு மட்டும் இருக்கு, எழுதினவர் பேர் இனிஷியலோட. அத மேசையில வச்சு, இதுக்கு ஒரு பதிவு போடுங்க, ஏன் அப்படின்னு பிள்ளைங்களுக்கு சொல்ற மாதிரி சொல்லுங்கன்னு கேப்போம். ஒருத்தர் தொட்ட உடனே டூயி பகுப்பு நம்பர் 633.72, தேயிலை, முடிஞ்சதுன்னார். நம்பர் தெரியுது, சந்தோஷம், ஆனா அங்க வச்சா அந்தப் புத்தகம் கவ்வாத்து வெட்டுறது எப்படி, உரம் போடுறது எப்படிங்கிற புத்தகங்களுக்கு நடுவுல போயி உக்காந்துரும், சம்பளப் போராட்டத்தத் தேடி வர்ற பிள்ளை அத எந்தக் காலத்துலயும் பாக்காது. இன்னொருத்தர் 331ல தொழிலாளர் பக்கம் கொண்டு போனார், நல்லது. அந்த வன்னித் தங்கச்சி நம்பரே சொல்லல. முதல்ல "இஞ்ச இதை ஆர் தேடி வருவினம்?"னு கேட்டாங்க. அப்புறம் பேரப் பாத்துட்டு, முன்னால இருக்குற எழுத்து தகப்பன் பேர், அத குடும்பப் பேர்னு நினைச்சு தலைகீழாப் போட்டா ஆளே மாறிருவார்னாங்க. அப்புறம் புக்லெட்ட திருப்பி பின்னட்டைய பாத்தாங்க. அங்க ஒரு துணிக்கடை விளம்பரம், டெலிபோன் நம்பர் மூணே இலக்கம், கீழ சிலோன்னு அச்சு. நாட்டுப் பேர் ஸ்ரீலங்கான்னு மாறின 1972க்கு முந்தினதா இருக்கலாம், ஆனா கடைக்காரர் பழைய அச்சு ப்ளாக்கையே திரும்பத் திரும்பக் குடுத்திருக்கவும் கூடும், அதால வருஷத்துக்குப் பக்கத்துல கேள்விக்குறி போடுவேன்னாங்க. போர்டுல இருந்த வெளித்துறைப் பேராசிரியர் ஒருத்தர் மூக்குக் கண்ணாடிய கழட்டி வச்சுட்டு அந்த புக்லெட்ட வாங்கி தானும் பின்னட்டைய பாத்தார். இருபது நிமிஷத்துல இதுக்கு மேல ஒரு ஆளப் பத்தி என்ன தெரிஞ்சுக்கணும்?

தெரிவு முடிஞ்சா லெட்டர் போக நாளாகும், கவுன்சில் கூடணும், அதெல்லாம் நம்ம கையில இல்ல. ஆனா ஆள்கிட்ட நிலவரம் என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிகிட்டே இருங்க, மூணு மாசம் சத்தமே இல்லன்னா அவர் வேற இடம் பாத்துக்குவார். செலெக்ட் ஆகாதவங்களுக்கும் போன் பண்ணுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்கதான் உங்களுக்கு வேணும்.

வந்தவங்கள தக்க வைக்கிறது தனி வேலை. குவார்ட்டர்ஸ் இருக்கா, கணவரோ மனைவியோ டீச்சர்னா ட்ரான்ஸ்பருக்கு யார்ட்ட பேசணும், பிள்ளைக்கு பக்கத்துல நல்ல தமிழ் ஸ்கூல் எது, இதெல்லாம் ஆள் கேக்குறதுக்கு முன்னாடி நீங்க விசாரிச்சு வைங்க. பிஎச்டிக்கு லீவு எப்ப கிடைக்கும், லீவு முடிஞ்சு கட்டாயம் வேலை செய்யணும்ங்கிற பாண்ட் எத்தன வருஷம்னு ஒளிக்காம சொல்லிருங்க. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. தமிழ் லெக்சரர் வந்துட்டாங்கன்னா கம்பஸ்ல உள்ள அத்தன நோட்டிஸையும் தமிழாக்க அவங்க மேசைக்குத்தான் வரும், கன்டீன் டெண்டர்ல இருந்து பட்டமளிப்பு விழா அழைப்பிதழ் வரைக்கும். எனக்கே முதல் மூணு வருஷம் அப்படித்தான் போச்சு, ஒரு கட்டுரை எழுதல, ஆனா "இங்கு துப்பாதீர்"னு இருபது போர்டு எழுதினேன். ஹெட் ஆஃப் டிபார்ட்மென்ட் ஒரு லெட்டர் அடிச்சு, மொழிபெயர்ப்பு இவர் கடமை இல்லன்னு முதல் மாசமே நிர்வாகத்துக்கு அனுப்பிரணும். இத நான் ரொம்ப சீரியஸாத்தான் சொல்றேன், மலையில ஆள் நிக்காததுக்கு குளிர் காரணம்னு எல்லாரும் சொல்லுவாங்க, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

அந்த புக்லெட் இப்பவும் என் லாச்சியிலதான் இருக்கு, ஆனா அடுத்த இன்டர்வியூக்கு வேற ஒண்ணு தேடணும், போன தடவ வந்தவங்க எல்லாரும் பின்னட்டைய பாருங்கன்னு ஊருக்கே சொல்லி வச்சிட்டாங்களாம்.